மூன்றாவது பெஞ்சின் இடது பக்கம்

ஏப்ரல் 6

அக்கா,

போன் பண்ணிப் பண்ணி அலுத்துவிட்டேன். ஒரு தடவையாவது எடுத்திருக்கலாம். துணைவேந்தர் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போன இடத்தில் ஊரடங்கால் விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டார், பல்கலைக்கழகம் மொத்தமும் உங்கள் தலையில் விழுந்துவிட்டது, எல்லாம் தெரியும். அதற்காக வாலுவின் போனை எடுக்கக்கூடாது என்று விதியா? குட்டி பிறந்ததிலிருந்து அவள் குரலை ஒரு தரம் கேட்கவேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை. "எழுதி அனுப்பு" என்று ஒற்றை வரி வருகிறது. சரி, எழுதுகிறேன். அவள் தூங்குகிறாள். எழுந்தால் பாதியில் விட்டுப் போவேன்.

அவளுக்குப் பல் முளைக்கிறது. காய்ச்சலோ என்று நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க, "உன் கைதான் சுடுது, அவளுக்கு ஒண்ணுமில்ல" என்று இவர் கத்துகிறார். கடையிலிருந்து வரும் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். கழுவிய கையைக் கழுவுகிறேன். பிறகு குழாயைக் கழுவுகிறேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

வகுப்பு எடுக்கும் லட்சணத்தைக் கேளுங்கள். இஸ்திரி மேசைதான் என் மேடை. பிரிட்ஜ் கதவுதான் கரும்பலகை, அதில் மார்க்கரால் எழுதுகிறேன். தேற்றத்தின் நடுவில் இவர் பால் எடுக்கக் கதவைத் திறக்கிறார், பாதி நிரூபணம் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. "சார், கொஞ்சம் மூடுங்க, இன்னும் எழுதி முடிக்கல" என்று பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள்.

நேற்று பிரிட்ஜ் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசும்போது சட்டென்று உறைத்தது: நான் முதுகுக்காரர் ஆகிவிட்டேன்! நம் பேராசிரியருக்கு முகம் இருந்ததா அக்கா? முழு வருடமும் பலகையோடு பேசிவிட்டுப் போனார். எம்.எஸ்ஸி முதல் நாள், பத்து வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்த நீங்கள் எங்கள் நடுவில் மூன்றாவது பெஞ்சில் டீச்சரம்மா மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தீர்கள். இடது பக்கம் இடம் காலி, யாருக்கும் வந்து உட்காரத் துணிச்சலில்லை. தாமதமாக வந்ததால் நான் மாட்டினேன். உங்களுக்கு இடது காது கேட்காது என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டேன். வாயைப் பார்த்துத்தான் முக்கால்வாசி புரிந்துகொள்கிறீர்கள், முதுகுக்கு ஏது வாய்? அன்றிலிருந்து உங்கள் நோட்டின் வலது பக்கம் உங்களுடையது, இடது பக்கம் என்னுடையது. அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன். சொல்லாததையும்தான். "சட்டை முதுகில் சாக்பீஸ் தூள், தனித் தீவு, குடியிருப்போர் இல்லை" என்று எழுதிய அன்று நீங்கள் வாய்விட்டுச் சிரித்து, இரண்டு பேரும் வெளியே நின்றோம். "பத்து வருஷமா பிள்ளைங்கள வெளிய அனுப்புனவடி நான், வெளியில இவ்வளவு காத்து வரும்னு யாருமே சொல்லல" என்றீர்களே.

அப்புறம் காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டீர்கள், என் வேலை போயிற்று.

இப்போது விஷயம். இணையவழி வகுப்பில் மாணவர் எல்லோரும் கேமராவைத் திறந்து வைக்கவேண்டும், முகம் தெரியாதவர் வராதவர், வருகை குறைந்தவர் தேர்வு எழுத முடியாது என்று உங்கள் சுற்றறிக்கை வந்திருக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண். வீட்டார் தையல்கடை வைத்திருக்கிறார்கள், கடைக்குப் பின்னால் ஒரே அறையில் குடியிருப்பு. துணி மாற்றிப் பார்க்கும் தடுப்புக்குள் உட்கார்ந்துதான் வகுப்பைக் கவனிக்கிறாள். மூன்று பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடி. கேமராவைத் திறந்தால் வீடு முழுவதும் திரையில் வந்துவிடும். ஆனால் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் தட்டச்சில் வந்து விழும். வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவளுக்காகவாவது அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்.

குட்டி எழுந்துவிட்டாள்.

வாலு


ஏப்ரல் 9

அன்புள்ள விரிவுரையாளருக்கு,

கடிதம் கிடைத்தது. கிளை வளாகத்தில் வகுப்புகள் தடையின்றி நடப்பது மகிழ்ச்சி.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இணையத்துக்கு மாற்றச் சொன்னபோது கல்விக்குழுவில் பாதிப் பேர் எதிர்த்தார்கள். நான்தான் பிடிவாதமாக நின்றேன். வகுப்பு நின்றால் பிள்ளைகள் சிதறிவிடுவார்கள். முகம் தெரியாமல் பாடம் நடத்துவது சுவரோடு பேசுவது. ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் நாளை எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கும். விதி என்றால் எல்லோருக்கும்தான். கல்விக்குழு 23ஆம் தேதி கூடும், அன்று தேர்வு எழுதத் தகுதியானவர் பட்டியல் முடிவாகும். அதற்குள் அந்த மாணவி கேமராவைத் திறந்து கலந்துகொள்ளட்டும். கண்ணாடிகளைத் துணியால் மூடிக்கொள்ளலாமே.

இங்கே வளாகத்தில் நானும் காவலாளிகளும்தான். மரத்திலிருந்து விழுந்த இலையைப் பெருக்க ஆளில்லை, நடைபாதையே தெரியவில்லை. காலையில் வாயிலில் காவலாளி முகக்கவசத்துக்குள்ளிருந்து நீளமாக ஏதோ சொன்னார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மதியம் கணிதத் துறைக்கு நடந்து போனேன். நம் வகுப்பு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக மூன்றாவது பெஞ்ச் தெரிந்தது. பலகையில் யாரோ பாதி எழுதிய சமன்பாடு அப்படியே இருக்கிறது.

வேறு ஒன்றுமில்லை. குழந்தையைக் கவனித்துக்கொள்.


ஏப்ரல் 14

மதிப்பிற்குரிய பொறுப்புத் துணைவேந்தர் அவர்களுக்கு,

விரிவுரையாளர் பணிவுடன் எழுதிக்கொள்வது. நீங்கள் அப்படித்தானே ஆரம்பித்தீர்கள்? அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு இஸ்திரி மேசைக்கு முன்னால் அப்படியே நின்றேன். "என்ன, வேலை போயிடுச்சா?" என்று இவர் பயந்துபோய்க் கேட்டார்.

நேற்று விளக்கம் கேட்டு ஓலையும் வந்துவிட்டது. கேமரா திறக்காத மாணவர்களுக்கு நான் வருகை போட்டேனாம். ஆமாம், போட்டேன். அவர்கள் வந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டேன், பதில் சொன்னார்கள். வருகை என்றால் வேறு என்ன? கீழே உங்கள் கையெழுத்து. என் நோட்டு ஓரத்தில் வால் முளைத்த எலி வரைந்த அதே கை.

கண்ணாடியைத் துணியால் மூடச் சொன்னீர்கள். நான்தான் அவளிடம் அதைச் சொன்னேன், அவளும் மூடினாள். மறுநாள் வகுப்பில் முதல்முறையாக அவள் முகம் தெரிந்தது. நெற்றி நிறைய முடி, பயந்த சிரிப்பு. இருபது நிமிடம் ஓடியது. பிறகு யாரோ தெரியாமல் தடுப்புத் திரையை இழுத்தார்கள், துணி சரிந்தது, பின்னால் அவள் அப்பா பனியனோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் திரையில் இத்தனை முகங்களைக் கண்டு தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். வகுப்பில் ஒருவன் சிரித்தான், அப்புறம் நாலைந்து பேர். அவள் கேமராவை மூடினாள். அன்றிலிருந்து வரவில்லை. போன் போட்டால் அம்மா எடுக்கிறார். "படிச்சது போதும்ங்குதும்மா, மெஷின்ல உக்காந்துடுச்சு."

பட்டியலில் பெயர் இல்லையென்றால் அவள் திரும்பி வரமாட்டாள் அக்கா. ஒரு வருடம் போகும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்குத் தெரியும், மொத்தமாகப் போய்விடும்.

நீங்கள் இப்படி இல்லை. எங்கள் யாரையும் ஒரு நாள்கூட முகத்தை வைத்து எடைபோட்டதில்லை. அந்த நாற்காலியில் என்னதான் இருக்கிறது? போனை எடுத்துத் திட்டவாவது செய்யுங்கள். உங்கள் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

விரிவுரையாளர்


ஏப்ரல் 18

வாலு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்து அழித்துவிட்டேன். திட்டுவதற்குப் போன் எடுக்கச் சொல்கிறாய். என்னால் எடுக்க முடியாதுடி. எடுத்தால் நீ பேசுவது எனக்குக் கேட்காது.

வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது. போன வருடம் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. மெஷினை மாற்றிப் பார்த்தேன், சத்தம் பெரிதாக வருகிறது, வார்த்தை வரவில்லை. பக்கத்து அறையில் கூட்டம் நடப்பது மாதிரி ஒரு இரைச்சல். உனக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்த அன்று போனை எடுத்தேன். நீ அழுதாயா சிரித்தாயா என்றுகூடத் தெரியவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் எடுக்கவே இல்லை.

வாயைப் பார்த்துச் சமாளித்து வந்தேன். வலது காதும் போனது யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் எதிரே உட்காருவேன், வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைப் போடச் சொல்வேன். "அம்மா ரொம்பக் கண்டிப்பு, நாற்காலிகூட ஒரு அங்குலம் நகரக்கூடாது" என்று பேர் வாங்கினேன். பேர் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இந்த நோய் வந்தது. ஒரே நாளில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பதிவாளர், எழுத்தர், காவலாளி, அத்தனை பேரும். உலகமே முதுகுக்காரராகிப் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டது வாலு. பக்கத்தில் நீயும் இல்லை.

எல்லாவற்றையும் திரைக்கு மாற்று என்று நான் பிடிவாதம் பிடித்ததை எல்லோரும் பாராட்டினார்கள். தொலைநோக்காம். எனக்கு வேண்டியிருந்தது முகக்கவசம் இல்லாத முகங்கள், அவ்வளவுதான். முதல் கூட்டத்தில் எல்லோர் வாயும் தெரிந்தது, எனக்கு உயிர் வந்தது. இரண்டாவது கூட்டத்தில் பாதிப் பேர் கேமராவை மூடிவிட்டார்கள். கறுப்புக் கட்டம் பேசுகிறது, நான் என்னவென்று தலையாட்டுவது? எனக்கு மட்டும் திறந்து வையுங்கள் என்று கேட்டால் ஏன் என்பார்கள். அதனால் எல்லோரும் எல்லா இடத்திலும் திறக்கவேண்டும் என்று விதி போட்டேன். ஒருத்திக்கு வேண்டியதைப் பல்கலைக்கழகம் முழுவதின் தலையிலும் கட்டினேன். அந்தப் பெண்ணின் அப்பா தட்டோடு எழுந்து நின்றது என் காதை மறைக்கத்தான்.

விதியை எடுத்துவிடலாம். எடுத்தால் 23ஆம் தேதி கூட்டத்தில் நான் கறுப்புக் கட்டங்களின் நடுவில் உட்கார்ந்திருப்பேன். பேச்சை எழுத்தாக்கும் கணினி வசதி இருக்கிறது என்றார்கள், முயன்று பார்த்தேன். காய்ச்சலில் பிதற்றுகிறவர் மாதிரி எழுதுகிறது. காது கேட்காதவர் எப்படிப் பொறுப்பு வகிக்கலாம் என்று பதிவாளர் எழுந்து கேட்பார், அவருக்கு இந்த நாற்காலி மேல் ரொம்ப நாளாக ஒரு கண். அவர் கேட்பதுகூட எனக்குக் கேட்காது என்பதுதான் வேடிக்கை.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்து, உன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, இந்த இடத்துக்கு வந்தேன். விட மனம் வரவில்லை. இதுதான் உண்மை. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

படித்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றேன். உள்ளே நின்றால் இவர் என்ன என்று கேட்பார், சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நான் அழுதால் குட்டியும் கூடவே அழுவாள்.

எத்தனை தடவை உங்களுக்குப் போன் அடித்தேன்! ஒவ்வொரு தடவையும் நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா? மகராசி, ஒரு வரி எழுதக்கூடாதா? "வாலு, கேட்கல" என்று ரெண்டே வார்த்தை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனே இத்தனை மாதமாக. குட்டியின் குரலைப் பற்றி வேறு குத்திக் காட்டினேன். எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது, உங்கள் மேலும் வருகிறது. இரண்டும் இருக்கட்டும், இப்போது நேரமில்லை.

நான் இருக்கிறேன் இல்லையா? மூன்றாவது பெஞ்ச், இடது பக்கம். கூட்டத்துக்கு என்னையும் இணைத்துக்கொள்ளுங்கள். யார் பேசினாலும் தட்டச்சில் போட்டுக்கொண்டே வருகிறேன், உங்கள் திரையின் இடது ஓரத்தில் தெரிகிற மாதிரி. முதுகுக்காரர் வேகத்துக்கே ஈடுகொடுத்த கை இது. கேமரா திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

இதில் ஒரு சிக்கல் உண்டு, உங்களுக்கே தெரியும். கல்விக்குழுவில் நான் உறுப்பினர் இல்லை. இவள் யார், எதற்கு வந்தாள் என்று கேட்பார்கள். நீங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாமல் திருட்டுத்தனமாகவும் செய்யலாம், பக்கத்தில் வேறு கணினி வைத்துக்கொண்டு. அதற்கும் நான் தயார். ஆனால் அப்படிச் செய்தால் விதியை ஏன் எடுக்கிறீர்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. பதிவாளர் விடவும் மாட்டார், அந்தப் பெண் மெஷினிலேயே உட்கார்ந்திருப்பாள்.

சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாற்காலி போனால் எனக்கென்ன, எனக்கு நீங்கள் அக்காதான். உங்களுக்கு அப்படியில்லை என்பதும் தெரிகிறது. ரெண்டில் எது என்று எழுதுங்கள். எதுவானாலும் அன்றைக்குக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவரைப் பிரிட்ஜ் பக்கம் வரவிடமாட்டேன்.

வாலு


ஏப்ரல் 24

வாலு,

நீ கூடவே இருந்தாய், எல்லாம் பார்த்தாய். ஆனாலும் எழுதத் தோன்றுகிறது, எழுதித்தானே நமக்குப் பழக்கம்.

கூட்டம் ஆரம்பித்ததும் முதல் வார்த்தையாகவே சொல்லிவிடவேண்டும், இரண்டாவது வார்த்தைக்குப் போனால் தைரியம் போய்விடும் என்று தெரியும். "எனக்குக் காது கேட்காது. கேமரா விதி ஒழுங்குக்காகப் போட்டதில்லை, உங்கள் உதட்டைப் பார்ப்பதற்காகப் போட்டது. அதைத் திரும்பப் பெறுகிறேன். இந்தப் பெண் என் தோழி, நீங்கள் பேசுவதை எனக்கு எழுதித் தருவாள்." சொல்லி முடித்துவிட்டு இடது ஓரத்தைப் பார்த்தேன். "யாரும் பேசவில்லை" என்று எழுதியிருந்தாய். அடுத்த வரியில் "இன்னும் பேசவில்லை." அதற்கடுத்த வரியில் "இயற்பியல் துறைத் தலைவர் மூக்கைச் சொறிகிறார்."

பிறகு எல்லோரும் என்னிடம் பச்சைப்பிள்ளையிடம் பேசுவது போல வாயை அகலமாகத் திறந்து திறந்து பேசினார்களே, அதுதான் தாங்கவில்லை. நல்ல வேளை வரலாற்றுத் துறைக்காரர் காப்பாற்றினார். நீ எழுதியதை அப்படியே வைத்திருக்கிறேன்: "எனக்கும் ரொம்ப வருஷமாக ஒன்றும் கேட்பதில்லை, எல்லாத் தீர்மானத்துக்கும் கை தூக்கிவிடுவேன் என்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா, முகத்தைப் பார்த்தால் நிஜம்தான் போல."

அப்புறம் பதிவாளர். விதியை எடுக்கக்கூடாது என்று நீளமாக ஆரம்பித்தார். நான் உன் வரிகளைப் படித்துக்கொண்டே வருகிறேன். "பதிவாளர்: ஒழுங்கு என்பது... (வலப்பக்கமிருந்து ஒரு கரண்டி வருகிறது. வாயைத் திறக்கிறார். இருமல் மருந்து. விழுங்கிவிட்டார்) ...உயிரை விட மேலானது."

பல்கலைக்கழகக் கல்விக்குழுக் கூட்டத்தில் பொறுப்புத் துணைவேந்தர் வாய்விட்டுச் சிரித்தார். நான் நிறுத்தப் பார்த்தேன்டி, முடியவில்லை. சாக்பீஸ் தூள் தீவு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்காவது வெளியே அனுப்ப ஒரு ஆள் இருந்தார். கரண்டி பிடித்த அம்மாளும் திரைக்கு வெளியே நின்று சிரித்தார் என்று நீ எழுதினாய். அதற்குப் பிறகு பதிவாளரால் ஒழுங்கைப் பற்றித் தொடர முடியவில்லை. விதி போயிற்று. கேமரா திறக்காததால் வராதவர் என்று குறித்ததெல்லாம் ரத்து. உனக்கு அனுப்பிய ஓலையையும் சேர்த்துத்தான்.

என் பொறுப்பைப் பற்றித் துணைவேந்தருக்கு எழுதப்போவதாகப் பதிவாளர் சொல்லிவிட்டார். எழுதட்டும். நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் வாயிலில் காவலாளி ஏதோ சொன்னார். நின்று, எனக்குக் கேட்காது, எழுதிக் காட்டுங்கள் என்றேன். வாயில் பதிவேட்டில் எழுதிக் காட்டினார்: "அம்மா, மூணு வாரமாச் சொல்றேன், உங்க கார் பின் சக்கரத்துல காத்து இல்ல."

ஒன்று கேட்கவேண்டும். கூட்டத்தின் நடுவில் "குட்டி அழுகிறாள், கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுதிவிட்டு நிறுத்தினாய். மற்றவர் பேசியதையெல்லாம் வரிக்கு வரி எழுதியவள் அதை மட்டும் எழுதவில்லை. அவள் எப்படி அழுவாள்?

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

தையல்கடைப் பெண் இன்று வந்துவிட்டாள். பெயர் கூப்பிட்டேன், கறுப்புக் கட்டத்திலிருந்து "வந்திருக்கேன் மேடம்" என்று குரல். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம். எழுதி எழுதிப் பழகியவள் முதல்முறையாக மைக்கைத் திறந்து பேசியிருக்கிறாள். நான் போட்ட நிரூபணத்தில் மூன்றாவது வரி தப்பு என்றாள். தப்புத்தான். அழிக்கத் திரும்பினால் இவர் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இனி நீங்கள் கேட்டது. இதுவரை எழுதியதிலேயே இதுதான் கஷ்டம், கூர்ந்து கேட்டால்தானே எழுதமுடியும். இத்தனை நாள் அவள் அழுதால் ஐயோ என்னவோ என்று ஓடத்தான் தெரியும் எனக்கு. இன்று ஓடாமல் கொஞ்சம் நின்று கேட்டேன்.

முதலில் எண்ணெய் போடாத கதவு மெதுவாகத் திறக்கிற மாதிரி ஒரு இழுப்பு. அதில் அழுகை இல்லை, புகார்தான். யாரும் வரவில்லையென்றால் ஒரு நிறுத்தம், நான் வருகிறேனா என்று கவனிக்கிறாள். பிறகு மூச்சு முழுவதும் சேர்த்து ஒரே ஒரு "ஆ", நடுவில் உடைந்து ரெண்டாகும். முதல் பாதி கோபம், ரெண்டாவது பாதி பயம். தூக்கினதும் நிற்பதில்லை. தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்கிற மாதிரி உம் உம் என்று கொஞ்ச நேரம் முனகுவாள். அது காதில் விழுவதைவிடத் தோளில்தான் அதிகம் தெரியும். உங்கள் தோளிலும் தெரியும். பஸ் விட்டதும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

இப்போது முனகிக்கொண்டிருக்கிறாள். ஒற்றைக் கையால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொ